பூரியின் முதுகு

“பூரி ஓய்ஞ்சு படுத்தாத்தான் கதவு திறக்கும்மா. உடம்பு பிடிச்சு விட வர்றவங்க பாதியில ஓடிடக் கூடாதுன்னு கதவுப் பூட்டை அதோட கழுத்துப்பட்டையில இணைச்சிருக்கு. ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நான் என்ன பண்றது?”

“மதியத்துலேருந்து பிடிச்சு விடுறேன் சார். எம்பொண்ணு ஸ்கூல் வாசல்ல தனியா நிக்குது.”

“இன்னும் கொஞ்சம் இதமா அமுக்கிப் பாருங்களேன்” என்று சொல்லி, நாயின் சொந்தக்காரர் போனை வைத்துவிட்டார்.

நாய்களுக்குப் பிடித்து விடுவதில் எமல்டாவின் கைக்கு நல்ல பெயர். இடுப்பு வலியில் நொண்டிக்கொண்டிருந்த பூரியைப் போன வாரம் இருபதே நிமிடத்தில் தூங்க வைத்தாள். கழுத்துப்பட்டையின் விளக்கு பச்சையானது, கதவு திறந்தது, அவள் கிளம்பிவிட்டாள். பூரி கண் விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை.

இன்றும் கழுத்து நெகிழ்ந்தது, தோள் நெகிழ்ந்தது. ஆனால் கண் செருகும்போதெல்லாம் பூரி திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தது. அவள் மடியில் தாடையை அழுத்திக்கொண்டு முதுகைப் பலகையாக்கிக்கொண்டது. பட்டையின் விளக்கு சிவப்பிலேயே நின்றது.

மறுபடி போன் அடித்தது. “அம்மா, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுறாரு. எங்கம்மா இருக்க?”

எமல்டா பூரியின் காதோரம் குனிந்தாள். “நாளைக்கும் வருவேன்டா, சத்தியமா. இப்ப ஒரே ஒரு நிமிஷம் தூங்கேன்டா, தங்கம்?”