வெறுங்கை

முன்பு தண்டவாள வேலையில் சரளைக்கல் சுமந்து கெட்ட இடுப்பு சுண்டி இழுக்க, ஹிசாவோ தன் ஒற்றைப்பெட்டி ரயிலை மலைநிலையத்தில் நிறுத்தினான். தனியார் கம்பெனியின் ஒற்றைப்பாதை அது. அவன் தோளில் மாட்டிக் கொண்டுவந்த தோல் சுற்றிய வளையம்தான் அந்தப் பாதையில் போவதற்கான அனுமதி; அது கைக்கு வந்தால்தான் எதிரே நிற்கும் ரயில் கிளம்பலாம். அதை வாங்கி அந்த ஓட்டுநர் ரியோஜியிடம் கொடுப்பது நிலையத்தில் வேலை பார்க்கும் சுமியே என்பவள், ஹிசாவோவின் மனைவி. இவனிடம் கையுறையோடு வாங்குவாள். அவனிடம் கொடுக்கும்போது கழற்றிவிடுவாள். தினமும் பார்க்கிறான்.

"குடுங்க, நேரமாச்சு."

"கையுறையக் கழட்டிட்டு வாங்கு."

"பிசுக்கு ஒட்டுமே."

"அவனுக்குக் குடுக்கையில ஒட்டாதோ?"

"அண்ணே, வளையத்தோட குடித்தனமா நடத்துறீங்க?" என்று எதிர் ரயிலிலிருந்து ரியோஜி சிரித்தான்.

சுமியே கையுறையைக் கழற்றி வெறுங்கையை நீட்டினாள். ஹிசாவோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். ரியோஜிக்குச் சேரவேண்டிய வளையம் இன்னும் ஹிசாவோவின் தோளில்தான் கிடந்தது.