பேர் வைக்கக் கூடாத எலிகள்

"பாம்பு வளர்க்கிறவங்க எலிக்கு மட்டும் பேர் வச்சுடாதீங்க. அப்புறம் பாம்பும் பட்டினி, நீங்களும் பட்டினி!"

பாம்பு வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் வந்த இந்த அறிவுரைக்கு மெர்லினும் விழுந்து விழுந்து சிரித்தாள். பாம்புக்கு இரையாகத் தினமும் கம்பு போட்டு வளர்த்த இரண்டு வெள்ளெலிகளுக்கும் அவள் பேரே வைக்கவில்லை.

மூன்று வாரமாக அவளுடைய மலைப்பாம்பு இரையைச் சீண்டவில்லை. மனம் கேளாமல், விலங்குகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் கருவியை வாடகைக்கு எடுத்து வந்து, பாம்பின் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"சட்டை உரிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பப் பசிக்குது," என்றது பாம்பு.

நிம்மதிப் பெருமூச்சோடு கருவியை எடுத்துக்கொண்டு போய் எலிக்கூண்டைத் திறந்தாள். கையிலிருந்த கருவியை அணைக்க மறந்துவிட்டாள்.

மூலையில் ஒடுங்கிய எலியிடம் மற்றது சொன்னது: "பயப்படாதடி, நம்ம கம்பம்மாதான் வந்திருக்கா."