கை வலிக்க எழுதியவள்

மருமகள் இளவேனில் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதப் போகிறாள் என்று கேட்டதும், வீட்டு வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆம்பூரிலிருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்கு வந்து இறங்கிவிட்டாள் வேதநாயகி. வந்து பார்த்தால், மருமகள் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடவில்லை.

"படிக்க வேணாமாம்மா?"

"நல்லாத் தூங்கி எழுந்தா போதும் அத்தை."

ஐந்து நாள் பரீட்சை. கடைசி நாள் வீடு திரும்பியவள், வலது கையை வெந்நீரில் அமுக்கியபடி சொன்னாள்: "ஒவ்வொரு பதிலும் அப்படி ஒரு அழகு அத்தை! எழுதறப்பவே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

இவ்வளவு தற்பெருமையா என்று நினைத்தபடி வேதநாயகி அடுப்படிக்குப் போனாள்.

ஆனால் சில மாதம் கழித்து, "பாஸ் ஆயிடுச்சு அத்தை!" என்று போன் வந்ததும், லட்டு டப்பாவோடு அடுத்த ரயிலைப் பிடித்தாள். வந்து உட்கார்ந்தபோது எதிரே ஓர் இளம்பெண். அவள் மடியில் மடக்கிய வெள்ளைக் கோல்.

"இவங்க அம்ருதா, மல்லேஸ்வரம். பாஸானது இவங்கதான் அத்தை."

"அப்போ நீ எழுதினது?"

"இவங்களுக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல. கேள்வியை நான் ஒரு தடவைதான் படிப்பேன். மூணு மணி நேரம் நிறுத்தாம பதில் சொல்லிட்டே போவாங்க, என் கை எழுதும். ஒரு அடித்தல் திருத்தல் இல்ல!"

அம்ருதா சிரித்தாள். "வலி மட்டும் அவங்களுக்கு. அடுத்த மாசம் ட்ரெய்னிங் போறேன்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க."

கலெக்டரையே நேரில் கண்டதுபோல் வேதநாயகி எழுந்து நின்றாள். தான் நிற்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. அப்படியும் அவளுக்கு உட்கார மனம் வரவில்லை.