சுவரொட்டிக்கு ஒரு சீருடை

"புத்தகப் பையை நல்லா மாட்டிக்கம்மா. சிரிப்பு எங்க?" என்றார் புகைப்படக்காரர்.

பள்ளிச் சீருடையில் மகள் நெளிந்தாள். தேர்தலில் நிற்கும் அவள் அம்மா கைக்குழந்தையுடன் பக்கத்தில் நின்றார். 'குடும்பமே என் கொள்கை' சுவரொட்டி மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

"ஸ்கூலை விட்டு ஒரு வருஷமாச்சு. சட்டை பத்தலம்மா," என்று மகள் முணுமுணுத்தாள்.

"அஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோடி."

குழந்தை வீறிட்டது. அம்மா ஆட்டிப் பார்த்தும் அடங்கவில்லை.

"அக்காகிட்ட குடுங்க மேடம், தம்பி அடங்கிடுவான்," என்று நிமிர்ந்த புகைப்படக்காரர் சட்டெனத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மகளின் சட்டை பால் கசிந்து நனைந்திருந்தது.

"பையை முன்னாடி பிடிடி!" என்று அம்மா பதறினார்.

மகள் பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் கைகளை நீட்டினாள்.

"போஸ்டர்ல தம்பியாவே இருக்கட்டும்மா. இப்ப என் பிள்ளைக்குப் பசிக்குது."