ஏழாவது கம்பி

மூன்றரை மணிக்கே சாயத் தொடங்கிவிட்ட மொன்றியல் வெயில் ஆய்வுகூட மேசையில் இருக்கும் தட்டின்மேல் விழ, பன்னிரண்டு டைட்டானியக் கம்பிகள் மினுங்குகின்றன. தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக மனிதருக்குள் வைக்கப்போகும் புதிய கலப்புலோகம் அது. முறிகிறதா என்று இயந்திரம் ஒவ்வொரு கம்பியையும் இலட்சக்கணக்கான தடவை வளைத்துப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் அஜிதா ஊசியால் இலக்கம் கீறியிருக்கிறாள். ஏழாவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறாள். பிரெஞ்சு வகுப்பில் பழகியதிலிருந்து ஏழுக்கு நடுவே குறுக்குக்கோடு போடுவது அவள் வழக்கம். இந்த ஏழில் கோடு இல்லை. இயந்திரம் கவ்விய தடமும் நுனிகளில் இல்லை.

“ஜெராட் அண்ணை, ஏழாவது வெள்ளிக்கிழமை முறிஞ்சதெல்லோ?”

அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட ஜெராட் கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. “அது மெஷின்ர பிழை. புதுசு ஒண்டு வைச்சனான்.”

தட்டுக்குப் பக்கத்தில் சோதனைப் படிவம் கிடக்கிறது. பன்னிரண்டும் தேறியதாக அவருடைய எழுத்து சொல்கிறது. அடியில் இருப்பது அவளுடைய கையெழுத்து. வெள்ளிக்கிழமை, கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகம் பூட்டமுதல் மகளைக் கூட்டிவர ஓடும் அவசரத்தில், வெறும் படிவத்தில் அவளே போட்டுக் கொடுத்தது. மூலையில் இயந்திரம் டக் டக்கென்று வேறொரு தொகுதியின் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறது. அஜிதாவின் உள்ளங்கைக்குள் ஏழாவது கம்பி மெல்லச் சூடேறுகிறது. ஜெராட் மணிக்கூட்டைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை சொன்னதையே, அதே கனிவோடு சொல்கிறார்.

“பிள்ளையைக் கூட்ட நேரமாகுது. நீர் போம், மிச்சத்தை நான் நிரப்புறன்.”