தாண்டிய வசனங்கள்

மருந்துக்கடைக்காரர், வேதாகமத்தில் தாவீது ராஜாவின் கைக்குழந்தை சாகிற இடத்தை அப்படியே தாண்டி, சாலொமோன் பிறப்பதிலிருந்து வாசித்தார். தெரிந்தேதான் தாண்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

வேதாகமம் முழுவதையும் ஆளாளுக்கு முறைவைத்துச் சத்தமாக வாசித்து முடிப்பது அந்தச் சபையின் வழக்கம். ஒருவர் மைக்கில் வாசிப்பார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். எதையாவது விட்டால் மேஜை தட்டப்படும். விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும்.

இந்த வருஷம் விரல் வைக்கும் பொறுப்பு கால்புள்ளி ஐயாவுக்கு. அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். நிறுத்தற்குறிகளையும் சபை உறுப்பினர்களாகவே மதிப்பவர். வம்ச வரலாறு வந்தபோது பாதிச் சபை காற்று வாங்க எழுந்து போனது. அவர் ஒரு கொள்ளுப்பேரனைக்கூடத் தப்பவிடவில்லை.

ஆனால் இன்றைக்கு மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்கடை வைத்திருப்பவள், சபையில் எல்லாருக்கும் தங்கச்சி. போன கோடையில் அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கடைசியாக மருந்து எடுத்துக் கொடுத்தவர் மருந்துக்கடைக்காரர்தான். அதற்கப்புறம் அவள் கடைக்கு வந்தால், பால்பவுடர் டப்பாக்களை முதுகால் மறைத்து நின்றுகொண்டு வெயிலைப் பற்றிப் பேசுவார். இந்த அதிகாரத்தை வாசிக்கும் முறை எலக்ட்ரீஷியனுடையது; அவரிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டதும் அவளுக்காகத்தான். அந்த வரிகள் அவள் காதில் விழக்கூடாது.

இரண்டாவது தட்டு விழுந்தது. மருந்துக்கடைக்காரர் மைக்கைக் கையால் பொத்தினார்.

"விட்டுட்டீங்க" என்றார் கால்புள்ளி ஐயா.

"தெரியும்."

"அப்போ திரும்ப வாங்க."

"மூணாவது வரிசையைக் கொஞ்சம் பாருங்கய்யா."

"பார்த்துட்டேன்" என்றார் அவர். மைக்கை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவரே வாசித்தார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. பிள்ளை நோயில் விழுந்தது, தகப்பன் சாப்பிடாமல் தரையில் கிடந்தது, பிள்ளை இறந்தது என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மூன்றாவது வரிசையில் ஒரு தலை குனிந்தது. தோள்கள் குலுங்கின. அதற்கு மேல் மருந்துக்கடைக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. கோபம் வந்து அடைத்துக்கொண்டது.

இடைவேளையில், தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் கால்புள்ளி ஐயாவைச் சுற்றிக்கொண்டார்கள். நாலு வரி விட்டுப்போனால் வேதம் இளைத்துவிடுமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். மருந்துக்கடைக்காரரின் மனைவி, இவருக்கெல்லாம் மனசு இருக்கவேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடிதான் இருக்கிறது என்றாள். சிலர் சிரித்தார்கள். போதகர்கூட, சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

கால்புள்ளி ஐயா வாயே திறக்கவில்லை. குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

அந்த அமைதிதான் மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டுக் கல்லாட்டம் நிற்கிறாரே மனுஷன். இன்றைக்கு இதை முடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

"வாங்கய்யா. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. நீங்க கேக்குற வரைக்கும் நான் மைக்கைத் தொடமாட்டேன்."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனார். அவர் மறுக்காமல் பின்னால் வந்தார்.

அவள் வாசல் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காதம்மா" என்று மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "நான் பார்த்துத்தான் அதை விட்டேன். இவருக்குப் புத்தகம் தெரியும், மனுஷங்களைத் தெரியாது."

அவள் கால்புள்ளி ஐயாவைப் பார்த்தாள்.

"நீங்க இவங்ககிட்ட சொல்லலையா ஐயா?"

"யார்கிட்டயும் சொல்லவேண்டாம்னு நீதானேம்மா கேட்டுக்கிட்ட" என்றார் அவர்.

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"நேத்து இவர் வீட்டுக்குப் போயிருந்தேண்ணே. நாளைக்கு அந்த அதிகாரம் வருது, யார் வாசிச்சாலும் என்னைப் பார்த்ததும் தாண்டிடுவாங்க, நீங்க விட்றாதீங்கன்னு நான்தான் கேட்டேன்."

"ஏம்மா? அதைப் போய்க் கேக்கணும்னு என்னம்மா?"

"வீட்டுல தனியா வாசிக்கும்போது பிள்ளை செத்துப்போற வரி வந்ததும் புத்தகத்தை மூடிடறேன். எத்தனையோ தடவை. ஒரு தடவைகூட அதுக்கு மேல போனதில்லை. இன்னைக்கு மூடுறதுக்குப் புத்தகம் என் கையில இல்லை. இவர் வாசிச்சுக்கிட்டே போனார், நானும் கூடவே போயிட்டேன்."

அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

"அதுக்கு அடுத்தாப்லதாண்ணே அந்தத் தகப்பன் தரையைவிட்டு எழுந்து, குளிச்சு, வேற துணி மாத்திக்கிட்டு, ஆலயத்துக்குப் போறார். என் பிள்ளை செத்ததை நான் கேட்கக்கூடாதுன்னு, அவர் எழுந்ததையும் சேர்த்துல்ல தாண்டிட்டீங்க."