ஒன்பது தடவை கழன்ற செயின்

"மாமா, செயின் கழண்டுடுச்சு!"

மச்சான் கத்தினதும் கேப்டன் விசில் ஊதினார். மூணு சைக்கிளும் நின்னுச்சு.

"கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஆகலையேடா. அதுக்குள்ளயா?"

கேப்டன்னா ராணுவம், கப்பல் எல்லாம் இல்ல. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சீனியர் கிளார்க். மலைச் சைக்கிள் வாங்குன அன்னிக்கே தனக்குத்தானே பட்டம் குடுத்துக்கிட்டார். ஊர்ல மலை கிடையாது. இருக்குறதுலயே உயரமானது போஸ்ட் ஆபீஸ் முன்னாடி போட்டிருக்குற வேகத்தடைதான்.

அவர் படையில ரெண்டே பேர். பொண்டாட்டியோட தம்பி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா.

ஞாயித்துக்கிழமை காலையில வாய்க்கால் ஓரமா, வயலுக்கு நடுவுல பதினாலு கிலோமீட்டர் மண்பாதை. தொடக்கத்துலயே ஒரு போர்டு: 'மிக எளிய பாதை. சிறுவர்களுக்கும் ஏற்றது.'

அதுக்குக் கேப்டன் ஹெல்மெட், முழங்கால் கவசம், கயிறு, திசைகாட்டி சகிதமா வருவார்.

"பாதை ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி போகுது. திசைகாட்டி எதுக்கு சார்?"ன்னு டாக்டரம்மா ஒருநாள் கேட்டாங்க.

"மலைன்னா என்ன வேணா நடக்கும்மா."

படைக்கு ஒரே ஒரு ரூல். கேப்டனை யாரும் முந்தக் கூடாது. தோத்தா ஆட்டத்தையே கலைச்சிடுற ஆளு. கேரம் போர்டு அப்படித்தான் பரண்ல ஏறுச்சு. பேட்மிண்டன் மட்டையில இப்ப கொசு அடிக்கிறாங்க. ட்ரெட்மில்ல துணி காயுது. "சைக்கிளையாவது விட்டுடாதீங்க சார், உங்க இதயத்துக்கு இதுதான் கடைசி சான்ஸு"ன்னு ஹார்ட் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தார்.

செயினை மாட்டிட்டு மச்சான் ஏறினான். கேப்டன் முன்னாடி மிதிச்சுக்கிட்டே பின்னாடி பாத்துத் திட்டினார்.

"இருபத்தேழு கியர் இருக்குற வண்டி! ஒரு செயினை அடக்கத் தெரியல! உங்கக்காவும் இப்படித்தான், தாலி கட்டுற நேரத்துக்குக் கம்மலைக் காணோம்னு தேடுனா! உங்க குடும்பமே... உங்க... குடு..."

"மாமா, செயின்!"

கேப்டன் விசிலை வாயில வச்சார். வெறும் காத்துதான் வந்துச்சு. மதகு மேல பொத்துனு உக்காந்தார்.

"இவனால... எனக்கு... மூச்சு வாங்குது டாக்டரம்மா."

"இந்நேரம் நாலு கடவாப் பல்லு புடுங்கியிருப்பேன்"னு அவங்க கடிகாரத்தைப் பாத்தாங்க.

அந்த நேரம் பாத்து, ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பொண்ணு, சின்னச் சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டே அவங்களைத் தாண்டிப் போனா. டாட்டா வேற காட்டினா.

கேப்டன் அவசரமா திசைகாட்டியைப் பாத்தார்.

வழியில நாலடி உயரத்துல ஒரு பாலம். அந்தப் பாதையிலயே அதுதான் இமயமலை. அங்க ஏழாவது தடவை. எறங்கினதும் எட்டு. ஊருக்குள்ள நுழையும்போது ஒன்பது.

கேப்டன் பாக்கெட் டைரியை எடுத்துக் குறிச்சுக்கிட்டார்.

"போதும்டா சாமி. நேரா மெக்கானிக் கடைக்கு வா. இன்னிக்கு இது சரியாகலைன்னா நீ டீம்லயே இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து நான் தனியா போய்க்கிறேன்."

மச்சானுக்கு மூஞ்சியே வெளுத்துப் போச்சு. "மாமா, தனியாவா? வேணாம் மாமா!"

"கெஞ்சாத. நட!"

டாக்டரம்மா க்ளினிக்குக்கு நேரமாச்சுன்னு செயின் மாதிரியே கழண்டுக்கிட்டாங்க.

கடையில மெக்கானிக் வண்டியைத் தலைகீழா நிறுத்திப் பெடலைச் சுத்தினார். உலுக்கினார். இழுத்தார். செயின் அசையல. கேப்டன் மூஞ்சி கழுவ கடைக்குப் பின்னாடி குழாயடிக்குப் போனதும், மெக்கானிக் மச்சானை ஏற எறங்கப் பாத்தார்.

"தம்பி, இது கல்லு மாதிரி இருக்கு. சுத்தியல் வச்சு அடிச்சாலும் கழலாது. எப்படிப்பா ஒன்பது தடவை?"

"அண்ணே, மெதுவா பேசுங்கண்ணே. நான்தான் கழட்டுறேன்."

"ஏன்? கிறுக்கா உனக்கு?"

"மாமா திட்டிக்கிட்டே போனா நல்லா இருக்காருன்னு அர்த்தம். திட்டு நின்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். 'முடியல, நிப்பாட்டு'ன்னு சாகுற வரைக்கும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. சொல்லிட்டாருன்னா அன்னிக்கே சைக்கிள்லயும் துணி காயும். அதான் திட்டு நின்னதும் எறங்கி செயினைக் கழட்டிடுவேன்."

கேப்டன் துண்டால தலையைத் துவட்டிக்கிட்டே வந்தார்.

"என்னய்யா, சரியாயிடுமா?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழ வச்சார். கையைத் துடைச்சார். பெரிய டாக்டர் மாதிரி ஒரு நிமிஷம் யோசிச்சார்.

"சார், இது ஸ்பேனர்ல தீர்ற கேஸ் இல்ல. வாரத்துல ஒரு நாள் பத்தாது, தெனமும் ஓட்டணும். தம்பியை விடாம நீங்களும் கூடவே போகணும். கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு, தானா நின்னுடும்."

கேப்டன் சந்தேகமா டைரியைப் புரட்டினார். புரட்டப் புரட்ட மூஞ்சி மலர்ந்துச்சு.

"அட, ஆமாய்யா! போன மாசம் பதினாலு. போன வாரம் பன்னெண்டு. இன்னிக்கு ஒன்பது!"

மச்சான் முதுகுல ஓங்கி ஒண்ணு போட்டார்.

"பாத்தியாடா? நான் திட்டுன திட்டுல உன் செயினுக்கே ரோஷம் வந்துடுச்சு!"